முதிராமல் நிற்கும் ரத்த செல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை கோரிப்பாளையம் பக்கம் ஒரு லேபில் ரத்த ஸ்லைடு பார்ப்பது என் வேலை. சாயங்காலம் லேப் டெக்னீஷியன் படிப்புப் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். பெரியாஸ்பத்திரியிலிருந்து சீட்டோடு வருகிறவர்கள், மேலூர், உசிலம்பட்டி பக்கமிருந்து ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இதில் என்னதான் எழுதியிருக்கு" என்று கேட்கிறவர்கள், நீட்டுக்குப் படிக்கிற பிள்ளைகள் என்று எல்லாரும் கேட்பதை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் ரத்தநோய் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். அவர் ஏன் இத்தனை டெஸ்ட் எழுதுகிறார், அந்த ரிப்போர்ட்டில் வரும் புரியாத பெயர்கள் என்ன வேலை செய்கின்றன என்பதை நான் சொல்ல முடியும்.

பிளட் கேன்சர் என்றால் ரத்தம் கெட்டுப்போவதா?

இல்லை. ரத்தம் தயாராகிற இடத்தில் கோளாறு. அந்த இடம் எலும்பு மஜ்ஜை. வளர்ந்த ஒரு ஆளின் மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணு போட்டாக வேண்டும், ஏனென்றால் ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள்தான் ஓடும். பிளேட்லெட்டுக்கு ஆயுள் ஒரு வாரம், பத்து நாள். நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணு அவ்வளவுகூடத் தாங்காது. இவ்வளவும் மஜ்ஜையில் இருக்கிற கொஞ்சம் ஸ்டெம் செல்களிலிருந்துதான், அதாவது எந்த ரத்த அணுவாகவும் மாறக்கூடிய மூல செல்களிலிருந்துதான், கிளைத்து வருகின்றன. 1961-இல் டொரன்டோவில் டில், மெக்குல்லக் என்ற இருவர் எலிகளை வைத்து இப்படிப்பட்ட செல்கள் உண்டு என்பதைக் காட்டினார்கள். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிக்கு வேறு எலியின் மஜ்ஜையை ஏற்றினார்கள், மண்ணீரலில் சின்னச் சின்ன மொட்டுகள் மாதிரி முளைத்தன. ஒவ்வொரு மொட்டும் ஒரே ஒரு செல்லிலிருந்து வளர்ந்தது என்பது பிறகு உறுதியாயிற்று.

எல்லா செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதானே? அப்புறம் ஒன்று சிவப்பணுவாகவும் இன்னொன்று வெள்ளணுவாகவும் எப்படிப் போகிறது?

நல்ல கேள்வி, பிளஸ் டூ பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மனிதனுக்குப் புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000 இருக்கின்றன. ஒரு செல் இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படித்துக்கொண்டிருப்பதில்லை. சிவப்பணு ஆகப்போகிற செல் ஹீமோகுளோபின் மரபணுவைப் படிக்க வேண்டும், பி செல் (ஒரு வகை வெள்ளணு) ஆகப்போகிறது ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்கும் புரதம்) மரபணுவைப் படிக்க வேண்டும். எதைப் படிப்பது, எதை மூடி வைப்பது என்று முடிவு செய்கிற புரதங்கள்தான் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்கள், பாடப்புத்தகத் தமிழில் படியெடுத்தல் காரணிகள். டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஆறு, எட்டு எழுத்துகளைத் தேடிப்போய் உட்காரும். உட்கார்ந்தபின் படியெடுக்கும் என்சைமை அழைத்து வரும், அல்லது வரவிடாமல் தடுக்கும். நமக்கு இப்படி ஏறத்தாழ 1,600 இருக்கின்றன. ரத்தத்துக்கு முக்கியமானவை என்று கைவிரல் விட்டு எண்ணினால் இருபதுக்குள் அடங்கிவிடும்.

அவற்றில் எதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்?

ரன்எக்ஸ்-1 இல்லாவிட்டால் கருவில் ரத்த ஸ்டெம் செல்லே தோன்றாது. 1996-இல் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்த எலிக்கருக்கள் 12 நாள் வாக்கிலேயே இறந்துபோயின. காட்டா-1 சிவப்பணுவுக்கும் பிளேட்லெட் போடும் மெகாகாரியோசைட்டுக்கும். பியூ.1 வெள்ளணுப் பக்கம், முக்கியமாக மோனோசைட், நியூட்ரோஃபில். சிஇபிபி-ஆல்ஃபா இல்லாமல் நியூட்ரோஃபில் முதிராது. பாக்ஸ்-5 பி செல்லுக்கு, இக்காரஸ் பொதுவாக, பி செல்லும் சேர்ந்த லிம்போசைட் என்கிற வெள்ளணு வரிசைக்கு. இவை எல்லாம் உங்கள் மரபணு பேனல் ரிப்போர்ட்டில் ஏதாவது ஒரு மூலையில் வரக்கூடிய பெயர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

காட்டா-1, பியூ.1 இரண்டும் ஒன்றையொன்று நேரடியாகப் பிடித்து முடக்கிவிடும் என்பதும் ஒரு சுவாரசியமான விஷயம். இது கூடினால் அது அடங்கும், அது கூடினால் இது அடங்கும். இந்தப் போட்டியில் யார் ஜெயிக்கிறார்களோ அந்தப் பக்கம் செல் சாயும் என்றுதான் ரொம்ப காலம் பாடம் நடந்தது. ஆனால் 2016-இல் எலி செல்களை ஒன்றொன்றாக நாள்கணக்கில் படம் பிடித்துப் பார்த்தவர்கள், செல் முடிவெடுத்த பிறகுதான் இந்த அளவு மாற்றம் தெரிகிறது, முடிவை இந்தச் சண்டை எடுப்பதாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். எடுத்த முடிவைப் பூட்டி வைப்பதில் இந்தப் போட்டிக்குப் பங்கு உண்டு என்று சொன்னால் தப்பில்லை. பரீட்சையில் பழைய விடையைக் கேட்டால் பழைய விடையை எழுதுங்கள், அது வேறு விஷயம்.

ஒரு தடவை முடிவாகிவிட்டால் செல் மாறவே மாறாதா?

மாறும், மாற்ற முடியும். 1995-இல் வெள்ளணு வரிசை செல்லுக்குள் காட்டா-1 புகுத்தினார்கள், அது வேறு வரிசைக்குத் தாவியது. 2004-இல் தாமஸ் கிராஃப் குழு முதிர்ந்த பி செல்லுக்குள் சிஇபிபி-ஆல்ஃபாவை ஏற்றியது, ஆன்டிபாடி செய்துகொண்டிருந்த செல் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் ஆகிவிட்டது. இதற்கு இரண்டு வருஷம் கழித்து யமனகா நாலே நாலு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்களை வைத்துத் தோல் செல்லை ஸ்டெம் செல் ஆக்கினார், 2012-இல் நோபல். ஒரே ஒரு புரதத்துக்கு இவ்வளவு அதிகாரம் இருந்தால், அது கெட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த கேள்விக்கு வந்துவிட்டோம்.

சரி, லுக்கீமியாவில் என்னதான் நடக்கிறது?

"செல் கட்டுப்பாடில்லாமல் பெருகுகிறது" என்று எல்லாரும் சொல்லுவார்கள். அது பாதி. அக்யூட் லுக்கீமியாவில், அதாவது வேகமாக முற்றும் பிளட் கேன்சரில், முக்கியமான மறுபாதி, செல் முதிராமல் பாதியில் நின்றுவிடுவது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் ஒருத்தரும் பாஸ் ஆகவில்லை, ஆனால் அட்மிஷன் மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது என்று வையுங்கள். சில மாதத்தில் எல்லா அறையிலும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருப்பார்கள், மற்ற வகுப்புக்கு இடமே இருக்காது. மஜ்ஜையில் அப்படி நிறைந்து கிடப்பவைதான் ரிப்போர்ட்டில் வரும் பிளாஸ்ட்.

நோயாளி டாக்டரிடம் வருவதும் இந்த இடநெருக்கடியால்தான். சிவப்பணுவுக்கு இடமில்லை, மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறுகிறது. பிளேட்லெட்டுக்கு இடமில்லை, பல் விளக்கினால் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளி. வேலை செய்கிற வெள்ளணு இல்லை, காய்ச்சல் விடுவதில்லை. மொத்த வெள்ளணு கவுண்ட் ஒரு லட்சம் இருக்கும், கிருமியோடு சண்டை போட ஒன்றுகூட இருக்காது.

ரிப்போர்ட்டில் டி(8;21) என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

8-ஆம் குரோமோசோமும் 21-ஆம் குரோமோசோமும் உடைந்து துண்டு மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற டாக்டர் 1972-இல் இதைக் கண்டார், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குரோமோசோம் போட்டோக்களைக் கத்தரித்து ஜோடி சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாராம், அவர் பிள்ளைகள் அம்மா பொம்மை வெட்டி விளையாடுகிறாள் என்று கிண்டல் செய்வார்களாம். உடைந்த இடத்தில் எந்த மரபணு இருக்கிறது என்று 1991-இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள், அதுதான் மேலே சொன்ன ரன்எக்ஸ்-1.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரன்எக்ஸ்-1 காணாமல் போய்விடவில்லை. டிஎன்ஏவைப் பிடிக்கிற பாதி அப்படியே இருக்கிறது, மரபணுவைத் திறக்கிற பாதி போய் அந்த இடத்தில் மூடுகிற வேலை செய்யும் வேறு ஒரு புரதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, திறக்க வேண்டிய அதே இடங்களுக்குச் சரியாகப் போய் உட்கார்ந்து பூட்டிவிட்டு வருகிறது. செல் முதிர முடியாமல் நிற்கிறது. இது மட்டும் இருந்தால் லுக்கீமியா வந்துவிடாது, பெருக்கத்தைத் தூண்டும் இன்னொரு கோளாறும் சேர வேண்டும்.

பயப்படுத்தும் வரி மாதிரி இருந்தாலும், மைலாய்டு வகையில் (நியூட்ரோஃபில், மோனோசைட் வரிசையில் வரும் லுக்கீமியாவில்) டி(8;21) இருப்பது ஒப்பீட்டளவில் நல்ல சேதி. கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும், முதல் சுற்றிலேயே மஜ்ஜை மாற்று தேவைப்படாத கூட்டத்தில் இது சேரும். அதே நோய், அதே பிளாஸ்ட் கணக்கு, ஆனால் இந்த ஒரு வரி மாறினால் சிகிச்சையே மாறுகிறது.

ஏபிஎல் என்று சொல்லி அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள், எதற்கு இவ்வளவு அவசரம்?

ஏபிஎல் (APL) என்பது மைலாய்டு லுக்கீமியாவில் ஒரு வகை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்த வகையில் நேரம்தான் உயிர்.

லீஷ்மன் சாயம் ஏற்றிய ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸை இறக்கிப் பார்த்தால், ஏபிஎல் செல் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். செல் முழுக்க ஊதாத் துகள்கள் அப்பிக் கிடக்கும், நியூக்ளியஸின் ஓரமே தெரியாத அளவுக்கு. நியூக்ளியஸ் இரண்டு மடலாக, நடுவில் இடுப்பு ஒடுங்கின மாதிரி இருக்கும். சில செல்களில் ஆவர் ராட் என்கிற சிவந்த ஊசிகள் கத்தையாகக் கிடக்கும். அதைப் பார்த்த நிமிஷம் ரிப்போர்ட் டைப் ஆகிற வரைக்கும் காத்திருப்பதில்லை, டாக்டருக்கு நேராகப் போன்தான். காரணம், அந்தத் துகள்களில் இருக்கும் சமாச்சாரம் ரத்த உறைவு ஏற்பாட்டையே குலைத்துவிடும், மூளையில் ரத்தக் கசிவு வந்து ஓரிரு நாளில் ஆள் போய்விடக்கூடும்.

இதன் அடியிலும் ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்தான். ராரா என்பது ரெட்டினாயிக் அமிலம், அதாவது வைட்டமின் ஏவிலிருந்து வருகிற ஒரு பொருள், வந்து ஒட்டியதும் மரபணுக்களைத் திறக்கும் ஏற்பி. 15, 17 குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்ளும்போது பிஎம்எல்-ராரா என்ற கலப்புப் புரதம் உண்டாகிறது. உடம்பில் வழக்கமாக இருக்கிற அளவு ரெட்டினாயிக் அமிலத்துக்கு அது அசையாது, மரபணுக்களை மூடிப் பிடித்தபடியே இருக்கும். அளவை ஏற்றிக் கொடுத்தால் பிடி விடுகிறது, நின்றுபோன செல் விட்ட இடத்திலிருந்து முதிர ஆரம்பிக்கிறது.

ஷாங்காயில் வாங் ஷென்யி என்ற டாக்டர் 1980-களின் நடுவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதலில் இந்த ரெட்டினாயிக் அமிலத்தை மருந்தாகக் கொடுத்தார். 1988-இல் அவர் குழு 24 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. 23 பேருக்கு இந்த மாத்திரை ஒன்றே நோயை அடக்கியது, மிச்சம் ஒருவருக்குக் கொஞ்சம் கீமோவும் சேர்த்தார்கள். இதுதான் ஏடிஆர்ஏ. இன்றைக்கு இதோடு ஆர்சனிக் ட்ரையாக்ஸைடு சேர்த்து, ரிஸ்க் குறைந்த ஏபிஎல்லை வழக்கமான கீமோவே இல்லாமல் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணப்படுத்துகிறார்கள். மரபணு டெஸ்ட் உறுதிசெய்கிறவரை காத்திராமல் சந்தேகம் வந்ததுமே ஏடிஆர்ஏ ஆரம்பிப்பதுதான் எங்கும் உள்ள முறை.

ஆரம்பித்த முதல் வாரங்களில் மூச்சுத்திணறல், காய்ச்சல், திடீரென எடை கூடுவது ஏதாவது வந்தால் உடனே வார்டில் சொல்லுங்கள். முதிர்கிற செல்கள் கூட்டமாக நுரையீரலுக்குள் புகுவதால் வருவது, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்துச் சமாளிப்பார்கள். அப்புறம் கேரட், வைட்டமின் ஏ மாத்திரை எல்லாம் ஏடிஆர்ஏக்கு ஈடாகாது, வாங்கி அடுக்காதீர்கள்.

ஆர்சனிக் என்றால் வெள்ளைப் பாஷாணம்தானே? நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்குமே?

பொருள் அதுதான். சீனாவின் ஹார்பினில் 1970-களில் பாரம்பரிய மருந்திலிருந்துதான் இது ஆரம்பித்தது. வேலூர் சிஎம்சி டாக்டர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஆர்சனிக் ட்ரையாக்ஸைடை மட்டுமே வைத்துப் பெரும்பாலான ஏபிஎல் நோயாளிகளுக்கு நோயை அடக்கிக் காட்டினார்கள், செலவு குறைந்த வழி என்பதால் நம் ஊருக்கு அது பெரிய விஷயம். பிஎம்எல்-ராராவின் பிஎம்எல் பக்கத்தைப் பிடித்து, அந்தக் கலப்புப் புரதத்தையே செல் சிதைத்துவிடும்படி ஆர்சனிக் செய்கிறது.

ஆனால் ஆஸ்பத்திரியில் அதை மில்லிகிராம் கணக்கில் ஏற்றும்போது இசிஜி எடுத்துக்கொண்டே, பொட்டாசியம், மெக்னீசியம் பார்த்துக்கொண்டே ஏற்றுகிறார்கள், இதயத்துடிப்பு தடம் புரளக்கூடும் என்பதால். கடையில் வாங்கி வீட்டில் பொடித்துச் சாப்பிட்டால் அது விஷம், அவ்வளவுதான். மற்ற வகை லுக்கீமியாவில் பிஎம்எல்-ராராவே கிடையாது, அங்கே ஆர்சனிக்குக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே, பிள்ளைக்கு எப்படி வந்தது? சொந்தத்தில் கட்டியதாலா?

மாமன் மகளைக் கட்டியதால் வந்தது என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள், காதில் வாங்காதீர்கள். பெரும்பாலான லுக்கீமியாவில் மரபணு உடைவது அந்த ஒரு மஜ்ஜை செல்லில் மட்டும், அப்பா அம்மாவிடமிருந்து வந்ததில்லை.

குழந்தைகளின் பி செல் வகை லுக்கீமியாவில் அடிக்கடி வருவது டி(12;21), இதிலும் ரன்எக்ஸ்-1தான் இன்னொரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டரோடு ஒட்டிக்கொள்கிறது. மேலை நாடுகளில் இந்த நோய் வரும் குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு இது இருக்கிறது. இங்கிலாந்தில் மெல் கிரீவ்ஸ் குழு ஒன்று செய்தது: நோய் வந்த குழந்தைகள் பிறந்தபோது குதிகாலில் குத்தி அட்டையில் ஒற்றி வைத்திருந்த காய்ந்த ரத்தப் பொட்டை, பல வருஷம் கழித்து எடுத்துச் சோதித்தது. அதிலேயே இந்த இணைப்பு இருந்தது. ஆக, முதல் உடைவு வயிற்றில் இருக்கும்போதே நடந்திருக்கிறது. அதைவிட முக்கியம், ஆரோக்கியமாகப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலாவது இது தென்படுகிறது, அவர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் நோயாகிறது. கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்டாளே, அங்கே போனாளே என்று தாயைக் குறைசொல்ல இதில் ஒன்றுமே இல்லை.

பரம்பரையாக வருவதும் அரிதாக உண்டு. ரன்எக்ஸ்-1, சிஇபிபி-ஆல்ஃபா, காட்டா-2 ஆகியவற்றில் பிறவியிலேயே ஒரு பிரதி பழுதாக இருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு பிரதி பழுதே போதும் என்பதால் இதற்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் சம்பந்தம் இல்லை. வீட்டில் இரண்டு பேருக்குமேல் ரத்தப் புற்றுநோய், அல்லது சின்ன வயதிலிருந்தே பிளேட்லெட் குறைவு என்று இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அண்ணன் தம்பி மஜ்ஜையை எடுத்து வைக்கப்போகும்போது அவருக்கும் அதே பழுது இருந்தால் வேலைக்கு ஆகாது.

டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்குப் பிறந்த வாரத்திலேயே பிளாஸ்ட் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, கீமோ கொடுக்க வேண்டுமா?

பல நேரம் வேண்டியதில்லை. இந்தக் குழந்தைகளில் சிலருக்குக் கருவிலேயே காட்டா-1 மரபணுவில் பழுது விழுந்து, முன்பகுதி இல்லாத குட்டைப் புரதம் மட்டும் உண்டாகிறது. பிறக்கும்போது ரத்தத்தில் பிளாஸ்ட் தெரியும், பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். ஈரல் பாதிப்பு, கவுண்ட் மிக அதிகம் என்றால் மட்டும் குறைந்த அளவு மருந்து கொடுப்பார்கள். ஆனால் இவர்களில் ஐந்தில் ஒரு குழந்தைக்கு நாலு வயதுக்குள் மெய்யான லுக்கீமியா வருகிறது. அதனால் "சரியாகிவிட்டது" என்று ஊருக்குப் போய் மறந்துவிடாமல், சொன்ன தேதிக்கு ரத்தம் பார்க்க வாருங்கள். வந்தாலும்கூட இந்த வகை சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும்.

காய்ச்சல், மூட்டுவலி என்று ஏற்கெனவே ஸ்டீராய்டு போட்டுவிட்டோம், பரவாயில்லையா?

மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் எல்லாம் செல்லுக்குள் பிடிப்பது குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியை, அதுவே ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர். லிம்போசைட் வரிசை செல்லில் அது தூண்டப்பட்டால் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். ஏஎல்எல் (லிம்போசைட் வரிசையில் வரும் அக்யூட் லுக்கீமியா) சிகிச்சையின் முதுகெலும்பே இந்த மலிவான மாத்திரைதான். அதே காரணத்தால் நோய் என்னவென்று தெரிவதற்கு முன்னால் போட்டால் பிளாஸ்ட் தற்காலிகமாகக் கரைந்து ஸ்லைடு சுத்தமாகத் தெரியும், சில வாரத்தில் நோய் முழுசாகத் திரும்பி வந்து நிற்கும். பத்து நாளைக்கு மேல் விடாத காய்ச்சலும் எலும்பு வலியுமாக இருக்கிற குழந்தைக்கு, ஊசிக்கு முன்னால் ஒரு சிபிசியும் (ரத்த அணுக் கணக்கு) ஸ்மியரும் (ரத்த ஸ்லைடு) பார்த்துவிடச் சொல்லி நீங்களே கேட்டால் தப்பில்லை.

டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்தான் காரணம் என்றால் அதை நேராக அடிக்கிற மாத்திரை ஏன் இல்லை? இமாட்டினிப் இருக்கிறதே?

இமாட்டினிப் மாத்திரை வேலை செய்வது சிஎம்எல் என்கிற, மெதுவாக வளரும் லுக்கீமியாவில். அங்கே கெட்டிருப்பது பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL; மேலே சொன்ன ஏபிஎல் நோய் வேறு) என்ற என்சைம், என்சைமுக்கு ஒரு குழி உண்டு, மருந்து அதில் போய் அடைத்துக்கொள்ளும். டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் பலவற்றில் அப்படி ஒரு குழியே கிடையாது. ராரா ஹார்மோன் ஏற்பி ஜாதி, அதில் குழி இருந்தது, அதனால் ஏடிஆர்ஏ சாத்தியமானது.

இப்போது சுற்றுவழி பிடிக்கிறார்கள். மையலோமா என்ற இன்னொரு மஜ்ஜைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் லெனலிடமைடு, இக்காரஸ் புரதத்தைச் செல்லின் குப்பைக்கூடைக்கு இழுத்துப் போட்டுச் சிதைக்க வைக்கிறது என்று 2014-இல் தெரிந்தது. கேஎம்டி2ஏ என்ற மரபணு உடைந்த லுக்கீமியாவில் ஹாக்ஸ் என்ற டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் மரபணுக்கள் அடங்காமல் ஓடிக்கொண்டிருக்கும், அதற்குத் துணை நிற்கும் மெனின் புரதத்தைத் தடுக்கிற ரெவுமெனிப் 2024 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் ஊர் கவுண்டரில் கைக்கெட்டும் விலையில் வர நாளாகும்.

பப்பாளி இலைச் சாறு, மாதுளை, பீட்ரூட்?

மாதுளையும் பீட்ரூட்டும் சாப்பாடு, டாக்டர் தடுக்காவிட்டால் சாப்பிடலாம். மஜ்ஜையில் இடமில்லாததால் குறையும் பிளேட்லெட்டைப் பப்பாளி இலை ஏற்றாது. கீமோ நேரத்தில் கழுவாத பச்சை இலையை அரைத்துக் குடித்து வயிற்றில் கிருமி சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே மஜ்ஜைக்கு எதற்கு இத்தனை டியூப், இத்தனை நாள்?

இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து ஒரே தடவையில் எடுத்தாலும், போகிற இடம் வேறு வேறு. ஊதா மூடி டியூபில் உறையவிடாத ஈடிடிஏ, அது ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் (செல் எந்த வகை என்று பார்க்கும் டெஸ்ட்) பிசிஆருக்கும் (PCR, மரபணு இணைப்பைத் தேடும் டெஸ்ட்). பச்சை மூடியில் ஹெப்பரின், அது குரோமோசோம் பார்ப்பதற்கு. மாற்றிப் போட முடியாது, ஹெப்பரின் பிசிஆர் என்சைமைக் கெடுக்கும், குரோமோசோம் பார்க்கவோ செல் உயிரோடு இருந்து லேபில் பெருக வேண்டும். உயிர்ச் செல்லை வளர்த்துப் பார்ப்பதால்தான் அந்த ரிப்போர்ட் மட்டும் கடைசியில் வருகிறது. பச்சை டியூப் சென்னைக்கோ வேலூருக்கோ போக வேண்டியிருந்தால் ராத்திரி கூரியரில் ஏற்றிவிடுவது நல்லது, சித்திரை வெயிலில் பகல் முழுக்கப் பெட்டியில் கிடந்தால் செல் செத்துவிடும், ஐஸில் உறைந்தாலும் செத்துவிடும்.

செலவு கூடுகிறதே என்று குரோமோசோம் டெஸ்டையோ பிசிஆரையோ விட்டுவிடலாமா என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். கீமோ ஆரம்பித்துவிட்டால் அந்தச் செல்கள் கரைந்துபோகும், அப்புறம் பணம் இருந்தாலும் பார்க்க முடியாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு கவுண்டரில் எந்த டெஸ்ட் சேரும், எது சேராது என்று மஜ்ஜை எடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வந்த ரிப்போர்ட் ஒவ்வொன்றையும் போனில் போட்டோ எடுத்து, ஒரு ஜெராக்ஸும் எடுத்துத் தனியாக வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் கேட்பது முதல் நாள் மஜ்ஜை ரிப்போர்ட்டைத்தான்.